பக்கத்து வீட்டுத் துக்கம்



நல்ல காரியத்துக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்ட காரியத்துக்குக் காதில் விழுந்ததும் போக வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் விடியற்காலையில் பெரட்டுக் களத்திலேயே செய்தி பரவிவிடும். ஒருவர் பந்தலுக்குக் கம்பு வெட்டப் போவார். ஒருவர் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட சைக்கிளை எடுப்பார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்ததும் கிடையாது.

பிறகு நாம் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்தோம். இடப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், வலப்பக்கம் ஒரு சீனக் குடும்பம். பெருநாள் என்றால் பலகாரம் கைமாறுகிறது, தீபாவளி என்றால் முறுக்குத் தட்டு வேலிக்கு மேலே போகிறது. சந்தோஷத்துக்கு நாம் குறை வைக்கவில்லை. ஆனால் உங்களை ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு சாவு என்றால், காதில் விழுந்ததும் போகிறோமா?

நான் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று பேனாவை எடுத்தேன்.

1980-களின் கடைசியில், கூலாய்ப் பக்கம் ஒரு தாமானில் குடியிருந்தோம். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு மாக்சிக் காலமாகிவிட்டார். என் மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலை ஒடித்துக் கொண்டுவந்து தந்த அம்மாள் அவர். வாசலில் செருப்புகள் நிறைந்தன. உள்ளே ஓதும் சத்தம் கேட்டது. நான் என் வீட்டுச் சன்னலோரம் நின்றேன். 'அவர்கள் ஓதுகிற இடத்தில் நமக்கென்ன வேலை? எங்கே உட்கார வேண்டும், என்ன பேச வேண்டும் என்று தெரியாமல் ஏதாவது தப்புச் செய்துவிட்டால்? சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் போகலாம்' என்று நினைத்துக்கொண்டேன். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கமே முடிந்துவிட்டது. மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் வெட்கமாக இருந்தது. கடைசிவரை போகவே இல்லை.

ஆறு மாதம் கழித்து என் தகப்பனார் போனார். இரவு இரண்டு மணி. எங்கள் வீட்டு அழுகைச் சத்தம் கேட்டு முதலில் கதவருகே வந்து நின்றவர், மனைவியை இழந்த அந்தப் பாக்சிக்தான். இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகள். "அடிக், உங்கள் முறை எனக்குத் தெரியாது. நாற்காலி போடத் தெரியும்" என்றார். விடியும்வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். போன ஆறு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசகர்களே, அந்த நாற்காலிகளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஜொகூர் பாருவில் உள்ள ஓர் இடத்துக்குப் போகிறது. கெபுன் தே சாலையில் உள்ள நினைவிடம் அது. கெபுன் தே என்றால் தேயிலைத் தோட்டம். அங்கே 100 பேர் சேர்ந்து உறங்குகிறார்கள்.

1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு பினாங்கிலிருந்து சுபாங்கை நோக்கிப் புறப்பட்டது மலேசிய விமான நிறுவனத்தின் எம்.எச். 653 விமானம். பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, விமானம் கடத்தப்பட்டிருக்கிறது என்று விமானி அறிவித்தார். சிங்கப்பூருக்குப் போகிறோம் என்ற செய்தி வந்தது. அதன்பின் தொடர்பு அறுந்தது. இரவு எட்டரை மணி வாக்கில், ஜொகூரின் தென்மேற்கு மூலையில் தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்துக் கம்போங் லாடாங் மக்கள் பெரும் வெடிச்சத்தம் கேட்டார்கள். சதுப்பு நிலத்தில் விழுந்த விமானம் எரிந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விவசாய அமைச்சர் டத்தோ அலி ஹாஜி அகமது அதில் இருந்தார். ஜப்பானுக்கான கியூபா நாட்டுத் தூதர் இருந்தார். அவர்களோடு பெயர் வெளியில் தெரியாத எத்தனையோ தகப்பன்மார், தாய்மார், பிள்ளைகள். கடத்தியவர் யார், எதற்காகச் செய்தார் என்பது இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை.

விமானம் விழுந்த வேகத்தில் எந்த உடலையும் இன்னார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. அதனால் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கெபுன் தேயில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முஸ்லிம் வீடென்றால் உடலைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, அன்றைக்கே அடக்க வேண்டும். நம் வீடென்றால் மூத்த மகனோ இளைய மகனோ கொள்ளி வைக்க வேண்டும். சீனர் வீடென்றால் பெட்டியருகே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். கிறிஸ்தவர் வீடென்றால் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பூசை வைக்க வேண்டும். இது எதற்குமே வழியில்லாமல் போயிற்று. உடல் கிடைக்காதவர்களுக்கும் ஒவ்வொரு சமயத்திலும் ஏதோ ஒரு முறை உண்டு. நம்மில் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து தகனம் செய்வார்கள். முஸ்லிம்கள் காயிப் ஜனாஸா தொழுவார்கள். சீனர்கள் பெயர்ப் பலகை வைத்து ஆவியை அழைப்பார்கள். ஆனாலும் தாய் மனம் முகத்தைப் பார்க்கத்தானே ஏங்கும்?

சடங்கு கைகொடுக்காத அந்த வேளையில் மிஞ்சுவது என்ன? பக்கத்தில் வந்து உட்காரும் மனிதர்தான். அவர் எந்தச் சமயம் என்று அழுகிறவர் கேட்பதில்லை.

நம் நாடு இதை மறுபடியும் அனுபவித்தது. 2014 மார்ச் 8-ஆம் தேதி, 239 பேருடன் பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்.எச். 370 காணாமல் போனது. விமான நிலையத்திலும் கடைத்தொகுதிகளிலும் வைத்த பலகைகளில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று எல்லா மொழியிலும் மக்கள் வேண்டுதல் எழுதினார்கள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரே வேண்டுதல் நடந்தது. அதே ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி உக்ரைன் வானில் எம்.எச். 17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி முதல் 20 பேரின் உடல்கள் நாடு திரும்பியபோது, தேசமே ஒரு நிமிடம் அசையாமல் நின்றது.

நாடு முழுதும் ஒரு நிமிடம் நிற்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் கழிந்த பிறகு அந்த வீட்டு விளக்கு இரவெல்லாம் எரியுமே, அதைப் பார்ப்பது யார்? அரசாங்கமா? செய்தித்தாளா? இல்லை. சுவருக்கு இப்பக்கம் இருக்கிற நீங்களும் நானும்தான்.

'போக மனமிருக்கிறது, முறைதான் தெரியவில்லை' என்பவர்களுக்கு, அந்தப் பாக்சிக்கிடமும் மற்றவர்களிடமும் பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலாய் வீட்டுக்குச் சாயங்காலம் போகலாம் என்று இருக்காதீர்கள். அடக்கம் பெரும்பாலும் அன்றைக்கே, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அடக்கமான உடை போதும். பெண்கள் ஒரு துப்பட்டா எடுத்துக்கொண்டால் நல்லது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஓதுகிற நேரமானால் வெளித் திண்ணையில் அமைதியாக உட்காருங்கள். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் கைகொடுப்பது போதும். உறையில் முடிந்ததை வைத்துக் கொடுக்கலாம். முதல் சில இரவுகளில் தஹ்லில் ஓதுவார்கள். அந்த நாளில் அவர்கள் கேட்காமலே வாகனம் நிறுத்த உங்கள் வாசலைத் திறந்துவிடுங்கள்.

சீனர் வீட்டில் மூன்று நாள், ஐந்து நாள் என்று உடலை வைத்திருப்பார்கள். சிவப்பு உடை வேண்டாம். வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை வைப்பது அவர்கள் வழக்கம். ஊதுபத்தி ஏற்ற உங்கள் சமயம் இடம் தராவிட்டால் தலை தாழ்த்தி நின்றால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புறப்படும்போது ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்றுதான் தருகிறார்கள்.

கிறிஸ்தவர் வீட்டில் இரவில் செபம் நடக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர் எழும்போது எழுந்து நின்றாலே போதும்.

நம் வீட்டில் துக்கம் என்றால், வருகிற அண்டை வீட்டாருக்கும் கூச்சம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். பறை முழங்கும், ஒப்பாரி கேட்கும். அவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். வீட்டில் ஒரு பிள்ளையை அனுப்பி உட்காரச் சொல்லுங்கள். முஸ்லிம் அன்பர்களுக்கென்று கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலும் காகிதக் குவளையும் தனியாக வைத்திருங்கள். என்ன நடக்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நம் சொந்தத்திலேயே முஸ்லிம் தமிழரும் கிறிஸ்தவத் தமிழரும் இல்லையா? அவர்களிடம் காட்டும் பக்குவம்தான் இதுவும்.

இதில் எதுவுமே நினைவில் நிற்கவில்லையா? பரவாயில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாற்காலி போடத் தெரிந்தால் போதும்.

அந்தப் பாக்சிக்கும் இப்போது இல்லை. அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. செய்தி காதில் விழுந்தபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்போடு ஓடினேன். அவருடைய மகன் என்னைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே ஒரு துண்டை எடுத்து நீட்டினான். அன்று மண்ணறை வரைக்கும் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். மாக்சிக்குக்கு நான் பட்ட கடன் அதில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில கடன்கள் தீருவதில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அடுத்த முறை ஜொகூர் பாருவுக்குப் போனால் கெபுன் தே பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இதில் இந்து யார், முஸ்லிம் யார், சீனர் யார் என்று அவர்கள் கேட்டால், பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை என்ற உண்மையைச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அன்று மாலையே அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். துக்கம் வரும் நாளில் முதல்முறையாகக் கதவைத் தட்டுவது கடினம். எனக்குத் தெரியும்.