வசனம் இல்லாத படம் போர் அடிக்குமா?

"ஒரு வார்த்தைகூட பேசாத படத்தை எவன்டா ரெண்டு மணி நேரம் பாப்பான்?" என்று போன வாரம் நம் வகுப்பில் ஒருவன் கேட்டான். அவனுக்கு என் பதில் இது.

வீட்டில் டி.வி.யில் படம் ஓடும்போது நாம் என்ன செய்கிறோம்? வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே காதால் கேட்கிறோம். பாதிப் படம் ஒலிச்சித்திரம்தான்!

1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த 'பேசும் படம்' அப்படி இல்லை. ஊமைப்படமும் இல்லை. சத்தம் உண்டு, எல்.வைத்தியநாதன் இசை உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. வேலையில்லாத கமல், ஒரு பணக்காரருடைய பெரிய ஓட்டல் அறையில் போய்ப் படுக்கிறார். மெத்தை இருக்கு, தூக்கம் வரலை. தன் பழைய அறைக்குப் பக்கத்துத் தியேட்டர் இரைச்சலை டேப்பில் பதிந்து வந்து, அதைக் கேட்டபிறகே தூங்குகிறார். இதை வசனத்தில் சொன்னால் இப்படி உறைக்குமா?

எங்க ஆயாவுக்குக் காது மந்தம். எந்தப் படம் பார்த்தாலும் "என்னடா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் எரிந்து விழுவேன். அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு முன்னாடியே சிரித்தது. கடைசியில் அமலா தந்த முகவரிச் சீட்டு பறந்து சாக்கடையில் விழுந்ததும், "அடப்பாவமே!" என்றது. (அந்த இசை அதற்குக் கேட்டிருக்காது. அதுதான் என் வருத்தம்.)

ஆசிரியர்களே, போன குழந்தைகள் தினத்துக்குப் போட்ட படத்தில் அறிவுரை அதிகம். பின்வரிசை முழுக்கத் தூங்கியது, நானும்தான். இந்த வருஷம் இதைப் போடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் முன்னாடியே சரி பார்த்துடுங்க.

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்