சொப்பு கடைகிறவர் கணக்கு

நவராத்திரிக்குச் சொப்பு வாங்கக் கடைக்குப் போனால் நம்மில் பலருக்குத் தனிச் சாமர்த்தியம் வந்துவிடுகிறது. "இத்தனூண்டு மரத்துக்கா இவ்வளவு விலை?" என்று ஆரம்பித்து, பாதியாக இறக்கிவிட்டுத்தான் மறு காரியம். மரம் சின்னதுதான், அம்மா! அதைக் கடைந்தவர் வீட்டில் வைக்கும் உலை சின்னதா என்ன?

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம். அந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கடைசல் வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. நாம் வெட்பாலை என்று சொல்லும் மரத்தை அங்கே 'ஆலெ மரம்' என்கிறார்கள். (நம் ஆலமரம் அல்ல.) வெளுப்பான, இழை நெருக்கமான மரம். வெட்டிய கையோடு கடைய முடியாது. பச்சை மரம் பிறகு வெடித்துவிடும். இரண்டு மூன்று மாதம் உலர வேண்டும். அதுவரை மரத்தில் போட்ட பணமும் சேர்ந்து உலர்கிறது! அதைத் தாங்க முடியாதவர், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத்தான் கடைய வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் லேத் நிற்கும். லேத் நின்றால் அன்றையக் கூலியும் நின்றுவிடும்.

வர்ணம் ஏற்றுகிற அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரஷ் கிடையாது, டப்பாவில் பெயிண்ட் கிடையாது. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே ஒரு தாழை ஓலைத் துண்டை வைத்து அழுத்தினால், வர்ணம் ஒரே சீராகப் பரவிக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஆமாம், பூவைத் தலையில் சூடுகிறோமே, அதே தாழையின் ஓலைதான்! ஓலை கொஞ்சம் தாமதித்தால் அரக்கு திட்டுத் திட்டாகிவிடும். இந்தக் கைப்பழக்கம் ஒரு மாதத்தில் வருவதல்ல.

இவ்வளவு தெரிந்தவரின் பிள்ளை பிடதிப் பக்கத்துத் தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்குப் போக விரும்பினால் யார் குறை சொல்வது? அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மையோடு உளி எத்தனை நாள் போட்டி போடும்? போதாக்குறைக்கு, 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று சட்டம் வந்தது. குழந்தைகளின் நலனுக்கு நல்ல சட்டம்தான். ஆனால் திண்ணையில் கடைகிறவர் பரிசோதனைச் சாலைக்கு எங்கே போவார்? நல்ல வேளையாக, அரசிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளித்தார்கள். சென்னபட்டணத்துப் பொம்மைக்கு அந்தக் குறியீடு உண்டு.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள். கைக்குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும். ஆகவே மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயம் கலந்த அரக்குதானா என்று விசாரித்து வாங்குங்கள். எல்லாக் கடைச் சரக்கும் அப்படி இராது. அப்படிப்பட்டதற்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள். சூட்டில் அரக்கு இளகும், ஈரத்தில் வெளுக்கும். உலர்ந்த பழைய வேஷ்டித் துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.