வீடும் பொருளும்: இழுப்பறையை இழுத்துப் பாருங்கள்!

பெட்டியின் அடியில் கிடக்கிற ஒரு துணியை எடுக்க, மேலே அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்துப் போட வேண்டும். இது நமக்கு மட்டுமல்ல, இத்தாலி நாட்டுப் பெண்களுக்கும் இருந்த கஷ்டம்தான். 15-ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து மணப்பெண்ணின் சீர்த் துணிமணிகள் 'கஸ்ஸோனே' என்ற நீளமான மூடிப் பெட்டியில் இருந்தன. பின்னால் முன்பக்கம் இழுப்பறைகள் வைத்த 'கஸ்ஸெத்தோனே' வந்தது. வேண்டியதை மட்டும் இழுத்து எடுத்துக் கொள்ளலாம். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

வெளியே மின்னுவது பெரும்பாலும் வால்நட் மரம். அக்ரூட் பருப்பு தருகிறதே, அதுதான். ஆனால் டிராயரை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே பாப்ளர், ஃபிர் போன்ற மலிவான மரங்கள் இருக்கும். ஏமாற்று வேலையோ என்று நினைத்து விடாதீர்கள். விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, சாதாரண மரத்தின் மேல் ஒட்டுவார்கள். நல்ல மரம் வீணாகாது. அது சிக்கனம்!

மிலான் நகருக்குப் பக்கத்தில் பராபியாகோ என்ற ஊரில் ஜுசெப்பே மாஜோலினி (1738-1814) என்ற தச்சர் இருந்தார். விதவிதமான மரத்துண்டுகளை, பெரும்பாலும் அவற்றின் சொந்த நிறத்திலேயே பதித்து, பூவும் கொடியுமாகச் சித்திரம் தீட்டியது போலச் செய்தார். அவர் பெயரே அந்த ரகத்துக்குப் பெயராகிவிட்டது.

வெனிஸ்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். சீன, ஜப்பானிய அரக்கு வேலைக்கு அங்கே ஏக மோகம். விலையோ யானை விலை. 18-ஆம் நூற்றாண்டில், அச்சடித்த படங்களுக்கு வர்ணம் தீட்டி, கத்தரித்து ஒட்டி, மேலே பல தடவை வார்னிஷ் பூசினார்கள். 'லாக்கா போவெரா', அதாவது ஏழை அரக்கு என்று பெயர். அந்த ஏழைச் சாமானைத்தான் இன்று பணக்காரர்கள் தேடி அலைகிறார்கள்!

பழசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிராயரின் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். கையால் அறுத்தது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவா? மெஷின் வேலையாக இருக்கலாம். பூச்சி ஓட்டையிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால், பூச்சி இன்னும் உள்ளேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற மரச்சாமான்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

கவனிக்க வேண்டியவை:

* நேர் வெயிலில் வைத்தால் பதித்த மரங்களின் நிறம் மங்கிவிடும்.
* மேலே பளிங்குப் பலகை இருந்தால் எலுமிச்சம்பழம், வினிகர் படக் கூடாது. புளிப்பு பளிங்கை அரித்துவிடும்.
* ஈரத்துணி வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியே போதும்.
* புதுசாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே விடாதீர்கள்! மேல் தகடு தேய்ந்து அடிமரம் தெரிந்தால், போனது போனதுதான். இருநூறு வருஷ அழகு ஒரு மத்தியானத்தில் தூளாகிவிடும்.