தலைகீழ் மலையில் வஸந்தம்

மலை ஏறுகிறவர்களுக்கு இயற்கை ஒரு சலுகை காட்டியிருக்கிறது. காலில் பலம் இருக்கும்போதே ஏற்றம் வந்துவிடுகிறது. களைத்த பிறகு இறக்கம். அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்திலுள்ள கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் இந்தச் சலுகை கிடையாது. அது தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மலை. காலையில் உல்லாசமாக இறங்கிவிடுகிறோம். கால் ஓய்ந்து, கொண்டுபோன தண்ணீரும் வற்றிய வேளையில் ஏற்றம் எதிரே வந்து நிற்கிறது!

கொலராடோ நதி சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளாக அறுத்த பள்ளம் இது. நீளம் 277 மைல். ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். தென் விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. நடைபாதை போய்ச் சேரும் நதிக்கரையோ சுமார் 2,500 அடிதான். ஆயிரம் அடி இறங்குவதற்குள் உஷ்ணம் சுமார் 5 டிகிரி ஏறிவிடும். ஏப்ரல் மாதத்தில் விளிம்பில் பகல் உஷ்ணம் சராசரி 60 டிகிரி பாரன்ஹீட் என்றால், அடியில் 82. இரவிலோ மேலே தண்ணீர் உறையும் குளிர்.

ஆகையால் வஸந்த காலந்தானே என்று எண்ணி மெல்லிய ஆடையுடன் புறப்படுவது தவறு. காலையில் இளவெயில் காயும். மத்தியானம் காற்று மணலை வாரி வீசும். சாயங்காலம் வெண்பனி பொழிந்தாலும் பொழியும். மே மாதத்தில்கூட விளிம்பில் பனி விழுவதுண்டு. நனைந்த பருத்தித் துணியும் குளிர் காற்றும் சேர்ந்தால், தண்ணீர் உறையாத குளிரிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். கம்பளிச் சட்டையையும் மழை அங்கியையும் சுமப்பதற்குச் சோம்பல் கூடாது.

இரவு தங்குவதற்குக் கூடாரம் அடிக்கும்போது இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். இந்தப் பாலை நிலமெங்கும் வறண்ட ஓடைகளின் மணல், மெத்தை விரித்தாற்போல் நம்மை அழைக்கும். அங்கே படுக்கலாகாது. தலைக்கு மேலே ஆகாயம் நிர்மலமாக இருந்தாலும், எங்கோ பெய்த மழை பாறைகளில் வழிந்து பிரவாகமாக வந்துவிடும். அதே மாகாணத்தில் ஆண்டெலோப் கான்யன் என்ற குறுகிய பாறைப் பிளவில், 1997-ம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி, பல மைலுக்கு அப்பால் பெய்த இடிமழையின் வெள்ளம் பாய்ந்து 11 யாத்திரிகர்கள் மாண்டார்கள்.

அது கோடை மழையின் கொடுமை. வஸந்தத்தில் உருகும் பனியே வெள்ளமாகிறது. பக்கத்து யூட்டா மாகாணத்து ஸையான் தேசீயப் பூங்காவில், விர்ஜின் நதியிலேயே இறங்கி நடக்கும் குறுகலான வழி ஒன்று உண்டு. நொடிக்கு 150 கன அடிக்கு மேல் நீர் வந்தால் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள்.

கிராண்ட் கான்யனில் பூங்காக் காவலர்கள் சொல்லும் கணக்கு மிகவும் எளியது. இறங்குவதற்கு ஒரு மணி ஆனால், ஏறுவதற்கு இரண்டு மணி ஒதுக்க வேண்டும். விளிம்பிலிருந்து நதி வரை போய் ஒரே நாளில் திரும்ப முயலவேண்டாம் என்றும் எச்சரிக்கிறார்கள்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பவன் நதியைக் காணாமலே பாதி வழியில் திரும்ப நேரிடலாம். கூட வந்தவர்கள் சிரிக்கவும் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்! நதி அடுத்த வஸந்தத்திலும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க நாம் இருக்க வேண்டுமல்லவா?