கண்டி சுவடிகள் கூடம்: நமது ஊர் எந்தக் கோப்பில் இருக்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளம் கம்பளையில் வீடுகளுக்குள் புகுந்தபோது, தளபாடங்களோடு பத்திரங்களும் நனைந்து போயின. 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் எரிந்த கடைகளோடு கடதாசிகளும் எரிந்தன. "அரசாங்கத்திடம் ஒரு பிரதி இருக்கும்தானே" என்பதே இரண்டு வேளைகளிலும் நம் மக்களின் ஆறுதலாக இருந்தது. இந்த நம்பிக்கை பாதிதான் சரி.

தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பில் இருக்கிறது. கண்டியில் அதற்கு ஒரு கிளை உண்டு. அரச அலுவலகங்களின் பழைய ஆவணங்களைப் பேணுவதே அதன் வேலை. பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்துக்கும், காணி உறுதிக்குக் காணிப் பதிவகத்துக்கும்தான் போக வேண்டும். இது தெரியாமல் அலைந்து திரும்புவோர் பலர்.

ஊர் வரலாறு தேடுவோருக்கு இன்னொரு சிக்கல், எல்லை. இன்று மத்திய மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்கள். பழைய கோப்புகளுக்கு இந்த வரைபடம் பொருந்தாது. 1815இல் பிரித்தானியர் கைப்பற்றிய கண்டி இராச்சியம், 1833இல் ஐந்து மாகாணங்களுக்குள் பிரித்து இணைக்கப்பட்டது. வடமேல் மாகாணம் 1845இலும், வடமத்திய மாகாணம் 1873இலும், ஊவா 1886இலும், சப்ரகமுவ 1889இலும் உருவாகின.

மாவனல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிக்கு அருகில் இருந்தாலும் இன்று அது சப்ரகமுவவின் கேகாலை மாவட்டம். 1889க்கு முன்பு நான்கு கோறளை மேல் மாகாணத்தில் இருந்தது. ஆகவே அந்தக் காலத்து மேல் மாகாண ஆவணங்களையும் தேட வேண்டும். பதுளையோ 1886 வரை மத்திய மாகாணத்தோடு இருந்தது. ஊவாவின் பழைய தகவல்களைக் கண்டிக் கோப்புகளிலும் தேடலாம். ஆவணம் எழுதப்பட்ட ஆண்டில் ஊர் எந்தக் கச்சேரியின் கீழ் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

வகுப்பில் ஊர் வரலாறு எழுதச் சொன்னால், "எங்கட ஊரைப் பற்றி ஒன்றும் இல்லை சேர்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது இல்லாததால் அல்ல, பிழையான இடத்தில் தேடியதால். நாம் இந்த மலைநாட்டுக்கு நேற்று வந்தவர்கள் என்று எவரும் பேசும்போது, பதிலாக உணர்ச்சியை அல்ல, ஆவணத்தையே வைக்க வேண்டும்.

ஆனால் அரச சுவடிகள் அரசு எழுதியதையே பேணும். ஜமாஅத் பெயர்ப் பட்டியல், மையவாடிப் பதிவு, பழைய மத்ரஸாக் கணக்கு ஆகியவை நம் பள்ளிவாசல் அலுமாரிகளில்தான் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வைப்பது பெரிய செலவல்ல. இரண்டு இளைஞர்களும் ஒரு கைபேசியும் போதும். அடுத்த மழைக்கு முன் நிர்வாக சபைகள் இதைச் செய்யட்டும்.