உள்ளம் நோகும் பிள்ளைகளும் உறங்கும் கல்லூரிகளும்

கால் முறிந்த மாணவன் ஒருவன் ஊன்றுகோலுடன் கல்லூரி வாயிலில் வந்து நின்றால், காவலாளி முதல் முதல்வர் வரை அனைவரும் இரக்கம் காட்டுகின்றனர். மருத்துவச் சான்றிதழை நீட்டினால் வருகைக் குறைவு மன்னிக்கப்படுகிறது. உள்ளம் முறிந்த மாணவன் அதே வாயிலில் வந்து நின்றால் அவனுக்குக் கிடைப்பது யாது? ‘சோம்பேறி’ என்று ஒரு பட்டம். ‘திமிர் பிடித்தவன்’ என்று மறு பட்டம். நம் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்துவிட்டாலோ, ‘ஈமான் பலவீனமானவன்’ என்று மூன்றாவது பட்டமும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழகம் ஒரு பட்டம் அளிக்குமுன் அவன் மூன்று பட்டங்களைச் சுமந்துவிடுகிறான்.

இதுபற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். எழுதாமற் போனதற்குக் காரணம் அச்சமன்று, நாணம். அந்த நாணத்தின் கதையைப் பின்னர் கூறுவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகளின்படி, 2013-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 8,423 பேர். 2023-ஆம் ஆண்டில் 13,892 பேர். நாளொன்றுக்கு 38 பிள்ளைகள்! பள்ளிப் பிள்ளைகளும் இக்கணக்கில் அடங்குவர் என்பது உண்மையே. அதனால் வேதனை கூடுமேயன்றிக் குறையாது. இந்த எல்லைவரை செல்லாமல், விடுதி அறையின் சுவரைப் பார்த்தபடி உறக்கமின்றி இரவுகளைக் கழிக்கும் பிள்ளைகள் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருப்பதாகக் கண்டது. நோய் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நின்று வழிமறிப்போர் யார் என்பதே நம் கேள்வி.

வழிமறிப்போர் கூறும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

“ஈமான் உறுதியாக இருந்தால் மனநோய் வராது” என்பது முதல் நியாயம். இதனை மிம்பர் மீது நின்றும் சிலர் முழங்குகின்றனர். அவர்களை நாம் கேட்கிறோம்: மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போயின என்று திருமறை கூறும் நபி யஅகூப் (அலை) அவர்களின் ஈமானில் குறை கண்டீர்களா? பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்துபோயிருக்கக் கூடாதா என்று ஏங்கிய மர்யம் (அலை) அவர்களின் ஈமானை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நம் வரலாற்றாசிரியர்கள் அழைத்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் இறைவனிடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதை ஹதீஸ் ஓதிய சிறு மாணவனும் அறிவான். அவ்விரண்டுக்கும் அரபியில் இரு வேறு சொற்கள் உண்டு: ‘ஹம்மு’ என்பது வரப்போவதை எண்ணி நெஞ்சை அரிப்பது, ‘ஹஸன்’ என்பது நடந்துபோனதை எண்ணி நெஞ்சை அழுத்துவது. தேர்வு முடிவை எண்ணிக் கலங்கும் மாணவனின் நோய்க்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம் துஆவில் பெயர் இருக்கிறது. பெயரை நாள்தோறும் ஓதிவிட்டு, நோயே இல்லை என்று மறுப்பது என்ன நேர்மை?

“துயரம் வேறு, நோய் வேறு அன்றோ?” என்று கேட்பீர்கள். ஆம், வேறுதான். அந்த வேற்றுமையை உலகுக்கு உணர்த்தியோருள் முன்னணியில் நின்றவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணுவதற்கென ஒரு நூல் யாத்தார். காரணம் அறியப்பட்ட துயரம் ஒன்று, காரணம் அறியப்படாமல் வந்து கவியும் துயரம் மற்றொன்று என அதில் பகுத்துக் காட்டினார். முன்னதற்கு ஆறுதல் மொழியும் சிந்தனைப் பயிற்சியும் மருந்து. பின்னது உடலிலிருந்து எழுவதாகலின் உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்றார். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்ற நபிமொழியைச் செவிமடுத்த சமுதாயம் அன்று இவ்வாறு நூல் எழுதிற்று. இன்று நாம் பட்டம் சூட்டுகிறோம்.

“எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்பது இரண்டாம் நியாயம். அவர்கள் காலத்திலும் இருந்தது. ‘பேய் பிடித்தவன்’ என்று கூறிப் புழக்கடை அறையில் பூட்டிவைத்தனர், அவ்வளவே. மிகப் பழங்காலத்துக்கே செல்வோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாது நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக இருந்தார்கள். அக்காலத்தில் அதற்கு நிகரான பல்கலைக்கழகப் பதவி வேறு இல்லை. ஹிஜ்ரி 488-இல், அதாவது கி.பி. 1095-இல், வகுப்பில் அமர்ந்தவர்களுக்கு நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் வந்தனர், நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என்று கூறிக் கைவிரித்தனர். இவற்றையெல்லாம் அப்பெருமகனார் மறைக்கவில்லை. தம் வரலாற்று நூலில் தாமே எழுதிவைத்தார்கள். இறைவனிடம் முறையிட்டே வழி பெற்றதாகவும் எழுதினார்கள்; அதையும் நாம் மறைக்கவில்லை. அவர்கள் பதவியைத் துறந்து புறப்பட்டபோது, தம்பி அஹ்மத் கஸ்ஸாலி அவ்விருக்கையில் அமர்ந்து பாடம் நடத்தினார். பதினோர் ஆண்டுகளுக்குப் பின் நைஸாபூரில் இமாமவர்கள் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். ‘நூற்றுக்கு 75 நாள் வருகை இல்லை’ என்று கூறி எவரும் அவர்கள் பெயரை அடித்துவிடவில்லை. அடித்திருந்தால் இழப்பு யாருக்கு?

இங்கே நம் நாணத்தின் கதையைக் கூற வேண்டும்.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் குர்ஆன் ஓதி வளர்ந்த பிள்ளை ஒருவன் வெளியூர்க் கல்லூரியொன்றில் பொறியியல் பயின்றான். மூன்றாம் பருவத்தில் ஊர் திரும்பியவன் மீண்டும் செல்லவில்லை. அவன் தாய் நம் வாயிற்படியில் நின்று, “ஹஜ்ரத், புள்ள தூங்குறதே இல்ல. சோறு தண்ணி எறங்கல. ஓதிப் பாருங்க” என்று அழுதார். நாம் ஓதினோம், தண்ணீரில் ஊதியும் கொடுத்தோம். அதில் பிழையில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தோம். தொழுகையில் கவனம் இருந்தால் இவ்வாறு நேராது என்று அவனைக் கடிந்துகொண்டோம். அவன் தலைகவிழ்ந்தவாறே, “தொழறேன் ஹஜ்ரத். தொழுதாலும் போகல” என்றான். அரபு இலக்கணத்தின் நுண்மைகளை இருபதாண்டுகள் கற்பித்திருந்த நமக்கு, ஒரு பிள்ளையின் நான்கு சொற்கள் விளங்கவில்லை.

எட்டு மாதங்கள் கழிந்தபின், செவிலியராகப் பணியாற்றும் அவனுடைய சின்னம்மா அவனை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். சில மாத மருந்தில் உறக்கம் திரும்பிற்று. கல்லூரிதான் திரும்பவில்லை. வருகைக் குறைவு என்று பெயரை நீக்கியிருந்தது. மீதிக் கட்டணம் முழுவதையும் செலுத்தினால்தான் அசல் சான்றிதழ்கள் என்றும் கூறிற்று. இந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு அங்கிருந்து ஓர் அஞ்சலட்டை வந்ததில்லை. இன்று அவன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கெழுதுகிறான். தொழுகிறான், உறங்குகிறான். பொறியாளன் ஆகவில்லை. அந்த எட்டு மாதங்களில் நம் பங்கு எத்தனை, கல்லூரியின் பங்கு எத்தனை என்று நாம் பலமுறை கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. நம் பங்கு குறைவானதன்று.

இது ஒரு பிள்ளையின் கதை. சமுதாயத்தின் கதையும் ஒன்றுண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் மாண்டனர், 28 பேர். தர்காவின் நிழலை நம்பி வந்தோரை வணிகப் பொருளாக்கிய கொடுமை அது. அதன்பின் சட்டம் விழித்தது, சங்கிலிகள் அறுந்தன. துஆவோடு மருந்தும் சேர்ந்து நடக்கட்டும் என்ற நல்ல முயற்சி அங்கே பின்னர் வந்ததையும் நன்றியுடன் குறிப்பிடுகிறோம். இரும்புச் சங்கிலி அறுந்தது. நாவினால் பூட்டும் சங்கிலி அறுந்ததா?

மூன்றாம் நியாயம் கல்லூரி நிர்வாகிகளுடையது: “இது வீட்டார் கவனிக்க வேண்டிய காரியம், ஆலோசகர் வைக்கப் பணத்துக்கு எங்கே போவது?” பதினெட்டு வயதுப் பிள்ளையை விடுதியில் சேர்த்து, வெளியே செல்ல அனுமதிச் சீட்டும், உள்ளே வரக் கையெழுத்தும் கேட்கும் நிர்வாகம், அவன் உள்ளம் மட்டும் வீட்டாருக்குரியது என்பது வேடிக்கை. நுழைவாயில் வளைவுக்குப் பணம் உண்டு. பட்டமளிப்பு விழாப் பந்தலுக்குப் பணம் உண்டு. நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரத்துக்கும் பணம் உண்டு. ஓர் ஆலோசகரின் ஊதியத்துக்கு மட்டும் கஜானா வற்றிவிடுகிறது!

இனி இது அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமும் அன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதுமாறு பணித்தது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மன நலமும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிருரிமையின் கூறே என்றது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதனிற் சிறியவை வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைக் காட்டி மாணவரைப் பிரிப்பதும் பலர்முன் இழிவுபடுத்துவதும் கூடாது. ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டிற்று. தமிழ்நாட்டரசும் 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கிற்று. பாதை இடப்பட்டுவிட்டது, நடப்பார்தாம் வேண்டும்.

நடப்பது எவ்வாறு? ஆலோசகர் என்பவர் பெயர்ப்பலகைக்காக அமர்த்தப்பட்ட துறையாசிரியராக இருத்தலாகாது. பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவர் அறை முதல்வர் அறைக்கு எதிரே இருந்தால் எந்த மாணவனும் கதவைத் தட்டமாட்டான். அங்கே பேசப்படுவது அமானிதம். உயிருக்கு ஆபத்து நேரும்போதன்றி அது வெளியே செல்லலாகாது. உள்ளத்து நோய்க்கும் மருத்துவ விடுப்பு உண்டு என்று விதிப்புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு பருவம் விட்டவன் மறுபருவம் வந்து சேரக் கதவைத் திறந்துவையுங்கள். இரு வாரம் வகுப்புக்கு வராத மாணவனுக்கு அபராதக் கடிதம் அனுப்புமுன் அவன் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். கட்டணம் செலுத்தாதவனைத் தேர்வுக்கூடத்தில் எழுப்பி நிறுத்தாதீர்கள். தமிழில் பயின்று வந்து ஆங்கில வகுப்பில் ஊமையாகிப்போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு முதலாண்டிலேயே கைகொடுங்கள். பாதி நோய் அங்கேயே தடுக்கப்படும். படிப்பை முடிக்குமுன் மணம் பேசப்பட்டுக் கலங்கி நிற்கும் மகளின் சொல்லைக் கேட்க ஒரு பெண் ஆலோசகரும் இருக்கட்டும்.

நம் சமுதாயக் கல்லூரிகளுக்குத் தனியே ஒரு சொல். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் சென்னையில் புதுக் கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றியமைக்கு, பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிய பெரியோரின் கொடையே காரணம். எந்த ஒரு கல்லூரியையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஷரீஅத்தின் நோக்கங்கள் ஐந்து என்று நம் இமாம்கள் வகுத்தனர்: மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகியவற்றைக் காத்தல். அறிவைக் காப்பதற்காகவே மது விலக்கப்பட்டது. அவ்வறிவு நோயுறும்போது வாளாவிருக்கும் நிலையத்தின் பெயரில் இஸ்லாம் இருந்து என்ன பயன்?

நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. பன்னிரண்டு வயதில் தாயைப் பிரிந்து ஹிஃப்ழு வகுப்பில் அமரும் சிறுவன் இரவில் அழுதால், பிரம்பை எடுக்காத கரம் ஒன்று அவன் தலையைத் தடவ வேண்டும். இதனை ஏற்கத் தயங்கும் தோழர்களோடு நாம் வாதிடச் சித்தமாயிருக்கிறோம்.

மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்காகப் பகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றும் இந்நாட்டில் உள்ளன. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிச் செவிசாய்க்கும் அரசின் டெலி மானஸ் சேவையும் உண்டு. இதனைப் படிக்கும் பிள்ளை எவரேனும் நொந்திருந்தால், இன்றே அவ்வெண்ணை அழைக்கட்டும்; அது ஈமானுக்கு இழுக்கன்று. இல்லாதிருப்பது அந்த நான்காமவர் மட்டுமே. அவ்விடம் பல்கலைக்கழகத்துக்குரியது, பள்ளிவாசலுக்கும் உரியது.

‘தொழுதாலும் போகல’ என்று இனி ஒரு பிள்ளை வந்து கூறினால், நாம் அவனுக்காகத் துஆச் செய்வோம். அவன் கையைப் பற்றி மருத்துவமனைக்கும் உடன் செல்வோம். கல்லூரி நிர்வாகிகளே, அவன் திரும்பி வரும்போது அவனுக்குரிய இருக்கை அங்கே இருக்குமா?