புல்லட் வண்டியும் மிஸ்திரியின் காதும்

எண்ணூரைத் தாண்டி, கொற்றலை ஆற்றுப் பாலத்தையும் கடந்தால் ரயில் அத்திப்பட்டுக்கு வந்து சேருகிறது. ஒரு புறம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மற்றொரு புறம் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரிகள். இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஓர் ஓசையை மட்டும் திரும்பிப் பார்க்காமலே இன்னதென்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்தாற்போல் 'டப், டப்' என்று நிதானமாக வரும் அந்த ஓசை புல்லட் மோட்டார் சைக்கிளுடையது.

பழைய புல்லட் வண்டிகளுக்கு இப்போது மவுசு அதிகம். தாத்தா ஓட்டிய வண்டியைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலிருந்து இழுத்து வந்து துரு நீக்கி ஓட வைக்கிறார்கள் இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் புறப்பட்டுப் பழவேற்காடு வரை போய் வருகிறார்கள். வேறு சிலர் பழைய வண்டியை வெட்டி ஒட்டி, ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றி, அதையே கலை என்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்த வண்டியில் போற்றத்தக்கது எது? மினுமினுப்பா, ஓசையா, அல்லது அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் கைத்திறனா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாவிட்டால், வண்டிகள் மிஞ்சும், வித்தை போய்விடும்.

கொல்லன் தெருவில் ஊசி

புல்லட் பிறந்த இடம் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச் நகரம். ராயல் என்பீல்டு கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்தபின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேண்டும் என்று ராணுவம் தேடியபோது 350 சி.சி. புல்லட் பொருத்தமாகத் தோன்றியது. 1950-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு உத்தரவு பிறந்தது. அவற்றைத் தருவித்துக் கொடுத்தது சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ்.

வண்டிகளை எந்நாளும் கப்பலிலேயே வரவழைத்துக் கொண்டிருக்க முடியுமா? 1955-ல் இரு கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கின. தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் திருவொற்றியூர். அத்திப்பட்டிலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன்கள்தான் தூரம். முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களைச் செய்யும் கருவிகளையும் அச்சுகளையும் வாங்கி, ஒவ்வொன்றாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1960-களில் புல்லட் முழுக்க முழுக்கச் சென்னை வண்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு நொடித்துப்போய், 1970-ல் அங்கே உற்பத்தியே நின்றது. தாய்க் கம்பெனி மறைந்தது. பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன. கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். கொல்லன் உலையை அணைத்துவிட்டால் விற்கலாம் என்று வட சென்னைத் தொழிலாளர்கள் காட்டிவிட்டார்கள்.

எல்லாம் வெற்றியாகவே இருந்துவிடவில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவுடன் 100 சி.சி. வண்டிகள் வந்தன. அவை லேசானவை, பெட்ரோல் செலவும் குறைவு. புல்லட்டை யார் வாங்குவார்கள்? 1994-ல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அதையும் தாண்டிப் பிழைத்து, இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகளில் வண்டிகள் தயாராகின்றன. ஆனால் பழைய வார்ப்பிரும்பு இஞ்சினுக்கு 2010 வாக்கில் விடை கொடுத்துவிட்டார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகிவிட்ட காலத்தில் வேறு வழியும் இல்லை.

யந்திரத்தின் சுபாவம்

அந்தப் பழைய இஞ்சினில் அப்படி என்ன இருக்கிறது? ஒரே சிலிண்டர், 346 சி.சி. பிஸ்டனின் அகலம் 70 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் பயணம் செய்யும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தைக் காட்டிலும் ஓட்டம் அதிகம். உள்ளே கனத்த சக்கரங்கள் சுழல்கின்றன. ஆகவே இது துடித்து ஓடுகிற யந்திரம் அல்ல. உழவு மாடு போல நின்று இழுக்கிற யந்திரம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் வெடிக்கிறது. வண்டி நிற்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 900 சுற்று என்றால், விநாடிக்கு ஏழெட்டு வெடிப்பு. ரசிகர்கள் மயங்குகிற அந்தத் தாளத்தின் கணக்கு இவ்வளவுதான்.

தாளத்தைவிடப் பெரிய விஷயம் வேறொன்று உண்டு. இந்த இஞ்சினில் மனிதன் கை வைக்கலாம். வண்டியைக் கிளப்புவதே ஒரு பாடம். சாவியைத் திருப்பிவிட்டு, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். முள் நடுவில் நின்றதும் பிடியை விட்டு ஒரே உதை. இதை அறிந்த மெலிந்த ஆள் ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அறியாத பயில்வான் பத்து முறை உதைத்துவிட்டு, பதினோராவது முறை கணுக்காலில் அடி வாங்கிக்கொள்வார்.

வால்வைச் சரிபார்ப்பதும் அப்படியே. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பக்கத்து மூடியைக் கழற்றி, தள்ளு கம்பியை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். கம்பி தடையில்லாமல் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் விரல்தான். பாயிண்டைத் தீட்டுவது, கார்புரேட்டரைத் திருகுவது எல்லாம் ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு கிழிந்த துணியுடன் புளியமரத்து நிழலில் நடந்துவிடும். 'எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை' என்று மெக்கானிக்குகள் கேலி செய்வதும் உண்டு. வண்டியின் குறையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தேர்ந்த மிஸ்திரி முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. வண்டியை ஓடவிட்டுக் காது கொடுக்கிறார். மேலே 'டிக் டிக்' என்றால் டாப்பட். கீழே கடகடத்தால் பேரிங். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது இது. புத்தகத்தில் இல்லாதது, குருவின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் கையோடு கற்பது. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டரை இணைத்தால் கோளாறு எழுத்தில் வந்துவிடுகிறது. அது வளர்ச்சிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டு அறியும் வித்தை ஒருமுறை அறுந்தால் மறுபடி முளைக்காது.

சோழவரம் சொன்ன பாடம்

வண்டியை மாற்றியமைப்பதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அத்திப்பட்டுக்கு மேற்கே சோழவரத்தில், யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் இருந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் வரும்வரை சென்னைவாசிகளுக்குப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். வெளிநாட்டுப் பந்தய வண்டிகளை எளிதில் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. ஆகவே சாலையில் ஓடிய வண்டிகளையே எடுத்து, கனத்தைக் குறைத்து, காற்று போகும் வழியை மெருகேற்றி, பந்தயத்துக்குப் பழக்கினார்கள். மாற்றியமைப்பது என்பது அங்கே யந்திரத்தை முன்னிலும் நன்றாகப் புரிந்துகொள்வதாக இருந்தது.

இன்று தெருவில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. ஸைலென்ஸரின் உள்குழலைப் பிடுங்கி எறிவதே மாற்றம் என்று நினைக்கிறார்கள். காற்று வெளியேறும் வழியை மாற்றினால் கார்புரேட்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இஞ்சின் சூடேறும். அதை அறியாமல் செய்வது யந்திரத்துக்கே துரோகம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ அதைவிடப் பெரிய கொடுமை. அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரம் ஷிப்ட் வேலைக்காரர்களின் ஊர். இரவெல்லாம் கொதிகலனருகே நின்றுவிட்டுப் பகலில் கண்ணயரும் தொழிலாளியின் ஜன்னலடியில் வெடி வைப்பதா ரசனை?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 2021-ல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைத் தாண்டி, அசல் உருவில் காப்பாற்றப்பட்ட வண்டிக்குப் 'பழம்பெரும் வாகனம்' என்ற தனிப் பதிவு கிடைக்கும். சட்டகத்தையும் இஞ்சினையும் வெட்டி மாற்றிய வண்டிக்கு அந்த மரியாதை இல்லை. இன்று ரம்பம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மறுபக்கம்

பழைய இஞ்சின் புகை கக்குகிறதே, அதற்கு ஏன் இத்தனை பரிவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் சாம்பலும் புகையும் சுவாசித்துப் பழகிய அத்திப்பட்டு மக்கள் கேட்டால் தட்டிச் சொல்ல முடியாது. பழைய புல்லட் தினசரி வேலைக்கு ஏற்ற வண்டி அல்ல. அதன் பிரேக்கும் இன்றைய சாலை வேகத்துக்குப் போதாது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைப் பாதிக்கக்கூடியது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டாங்க் துருப்பிடிக்கும் பயமும் உண்டு. ஆகவே அதை வீணையைப் போல வைத்துக்கொள்ள வேண்டும். உறையிட்டுப் பாதுகாத்து, சுருதி சேர்த்து, வேளை பார்த்து எடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், செம்மையாகச் சரிசெய்த இஞ்சினோடு, ஸைலென்ஸரோடு ஓடும் வண்டியால் ஊர் கெட்டுவிடாது.

செய்யத்தக்கது என்ன?

வண்டியைப் பாதுகாக்கப் பணக்காரர்கள் இருக்கிறார்கள். வித்தையைப் பாதுகாக்கத்தான் ஆளில்லை. வட சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வார்ப்பிரும்பு இஞ்சினை மேஜைமேல் ஏற்ற வேண்டும். நாலு வீச்சு இஞ்சினின் தத்துவத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க அதைவிட எளிய ஆசான் கிடையாது. தலை நரைத்த மிஸ்திரிகளை வாரத்தில் ஒரு நாள் அங்கே அழைத்து, மரியாதையோடு சம்பளமும் கொடுத்துக் கற்பிக்கச் சொல்ல வேண்டும். பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஓடுகிற வண்டிகளே அவர்களுடைய சான்றிதழ்.

கழகம் அமைத்து ஊர்வலம் போகும் ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு பையனுக்காவது, ஒரு பெண்ணுக்காவது பாயிண்ட் தீட்டவும் டாப்பட் பிடிக்கவும் கற்றுக்கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் பாதி நேரத்தைப் பட்டறையில் செலவிடட்டும்.

திருவொற்றியூர் தொழிலாளர்கள் அயல்நாட்டு யந்திரத்தைத் தமதாக்கிக்கொண்டது அதன் ஓசையைக் கேட்டு மயங்கியதால் அல்ல. அதன் ஒவ்வொரு மறையையும் திருகிப் பார்த்துக் கற்றதால். அந்தக் கல்வி அடுத்த தலைமுறையின் விரலுக்கும் காதுக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால், அத்திப்பட்டுச் சாலையில் வரும் அந்த நிதானமான ஓசைக்கு என்றும் அர்த்தம் இருக்கும். சேராவிட்டால், அது வெறும் சத்தம்தான்.